உப்பளம் வரைக்கும்

அவருக்கு எந்தக் காரியமும் ஒரு தடவையில் முடிந்ததில்லை. "இன்னொருக்கா" என்பதுதான் அவர் வாயில் அதிகம் வந்த சொல்.

கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசிப்பார். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற பாட்டில் திடீரென்று கையைத் தூக்கிவிட்டு, "தாளம் கொஞ்சம் தள்ளிருச்சு, இன்னொருக்கா போவோம்" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். பந்தலில் இருக்கிற யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. "இந்த ஆளைத் தாலி கட்டுற நேரத்துல மேடைப் பக்கம் விடாதீகப்பா, முடிச்ச அவுத்துட்டு இன்னொருக்கா கட்டச் சொல்லிருவாரு" என்று யாராவது கத்துவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்துதான் வாசிப்பார்.

எனக்கு ரேடியோ செட் தொழில். சாயல்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் விசேஷ வீட்டுக்கும் கோயிலுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவேன். ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் அந்தத் தொழில் எனக்கு ஒத்துக்கொண்டது. அவரோடு பழக்கமானதும் அப்படித்தான். "ஊருக்கெல்லாம் சத்தம் விக்கிற, உன் வாயில ஒரு சத்தம் வரமாட்டேங்குதேப்பா" என்பார். ஆனால் வீட்டில் ஏதாவது பதிவு செய்வதென்றால் என்னைத்தான் கூப்பிடுவார். அவர் உள்ளே பாடும்போது நான் கம்ப்யூட்டரில் பொத்தானை அமுக்க வேண்டும். மூச்சு விடுகிற சத்தம்கூட வரக்கூடாது. அதற்கு என்னைவிட ஏற்ற ஆள் அவருக்குக் கிடைக்கவில்லை.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் அந்த ஒரு சொல்தான் காரணம் என்று அவருடைய அக்கா சொல்வார். "பொண்ணு பாத்துட்டு வந்து, நல்ல புள்ளதான், இன்னொருக்கா பாத்துட்டுச் சொல்றேன்னான். நம்ம பக்கத்துல எந்த வீட்டுல இன்னொருக்கா காட்டுவாக? அவுக என்ன ஜவுளிக் கடையா வச்சிருக்காக?" அக்கா இதைச் சொல்லும்போது அவர் காதில் விழாதது போல் வயரைச் சுற்றிக்கொண்டிருப்பார்.

அக்காவின் வீட்டுக்காரர் இறந்து வெகுநாள் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டார். இரண்டு பேர்தான் அந்த வீட்டில். அக்கா சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதி நாள் மறந்துவிடுவார். தம்பி டம்ளரில் தண்ணீரோடு பின்னாலேயே வந்து நின்று விழுங்க வைப்பார்.

பதிவு செய்கிற இடம், முண்டு மிளகாய் மூட்டை அடுக்குகிற அறை. காய்ந்த மிளகாயை விலை வரும்வரை அதில்தான் வைத்திருப்பார்கள். மூட்டைகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. அது உண்மைதான். ஆனால் நெடி இருக்கிறதே, அது போகவே போகாது. இரண்டாவது வரிக்குள் தொண்டை கமறும். பாட வருகிறவர்கள் தும்மிக்கொண்டே வெளியே ஓடுவார்கள். அவர் மட்டும், "எங்கய்யா குரல்ல ஒரு கரகரப்பு இருக்கும். இந்த நெடியிலதான் அது வருது" என்பார்.

அய்யா என்றால் அவருடைய அப்பா. வர்ணிப்புப் பாடுகிறவர். வர்ணிப்பு என்றால் சாமியைக் கூப்பிடுகிற பாட்டு. உடுக்கையை அடித்துக்கொண்டு, சாமி இருக்கிற இடத்திலிருந்து ஒவ்வோர் அடியாக நடத்திக் கூட்டிவர வேண்டும். அவர்கள் ஊர்க் கருப்பன் கடலில் ஒரு பெட்டியாக மிதந்து வந்து கரை ஒதுங்கியவன் என்பார்கள். அந்தப் பெட்டி இவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. அதனால் பாட்டு கடற்கரையில் தொடங்கும். உப்பளம், கண்மாய்க்கரை, ஊர் எல்லை என்று வந்து, பெட்டி இருக்கிற வீட்டு வாசலில் முடியும். வாசலைத் தாண்டியதும் அந்த வீட்டு ஆண்களில் ஒருவர்மேல் சாமி இறங்கும். எல்லாம் முடிந்தபிறகு வந்த வழியே திருப்பி அனுப்புகிற பாட்டு தனியாக உண்டு. எங்கள் பக்கத்தில் மலையே கிடையாது. இருந்தாலும் அதை மலையேற்றுவது என்றுதான் சொல்வோம்.

அய்யா இறந்தபிறகு வர்ணிப்புப் பாட ஆளில்லை. சாமி கும்பிடுகிற களரியும் நின்றுபோனது. கொரோனா ஓய்ந்தபின் ஊரில் மறுபடியும் களரி போட வேண்டும் என்று பேச்சு வந்தபோது இவர் எழுந்து, "நான் முழு வர்ணிப்பையும் ரெக்கார்டு பண்ணித் தாரேன். குழாயில போடுவோம்" என்றார். ஊர்க்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

அதுவரை அவர் செய்ததெல்லாம் காதணி விழாப் பாட்டு, ஊர் ஊருக்கு அம்மன் பாட்டு என்று சின்னச் சின்ன வேலை. இது அப்படியில்லை. உடுக்கை, பம்பை, சலங்கை, பின்பாட்டு எல்லாம் அவரே. அது போதாதென்று, பாட்டில் வருகிற ஒவ்வோர் இடத்தின் சத்தமும் அந்த இடத்திலேயே எடுத்ததாக இருக்க வேண்டும் என்றார்.

முதலில் கடற்கரைக்குப் போனோம். மைக்கில் காற்று அடிக்காமலிருக்க அவருடைய பழைய பனியனைச் சுற்றினோம். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள், "என்ன அண்ணாச்சி, கடல்ட்ட பேட்டியா? எங்களுக்கும் ரெண்டு கேள்வி இருக்கு, கேட்டுச் சொல்லுங்க" என்றார்கள். அவர் அலை வரும்போது கையை உயர்த்துவார், நான் பதிவு செய்வேன், அவர் தலையை ஆட்டுவார். "இன்னொருக்கா." அடுத்த அலை. "இன்னொருக்கா." கடலையே திரும்ப அடிக்கச் சொன்ன மனிதர் அவர்தான்.

வீட்டுக்கு வந்து, மிளகாய் அறையில் கடற்கரைப் பகுதியைப் பாடி, அலைச் சத்தத்தோடு சேர்த்துப் போட்டுக் கேட்டோம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அறைக்கு வெளியே சோற்றுப் பானையை வடித்துக்கொண்டிருந்த அக்கா, பானையைக் கீழே வைத்துவிட்டார்.

"எந்திரிச்சிட்டான்" என்றார்.

"யாருக்கா?" என்று நான் கேட்டேன்.

அக்கா தம்பியைப் பார்த்து, "அனுப்புற பாட்டு உனக்குத் தெரியுமாடா?" என்றார்.

"அத அய்யா விடியக்காலத்துல பாடுவாரு. நம்ம தூங்கிப் போயிருவோம்ல. உனக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாது."

"கடைசியில பாத்துக்கிறலாம். நானே கட்டிருவேன்."

"கூப்புடத் தெரிஞ்ச அளவு அனுப்பவும் தெரிஞ்சிருக்கணும்டா" என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடி பானையை எடுத்தார்.

அக்காவுக்குக் குமரியாக இருந்தபோது ஒருமுறை களரியில் சாமி வந்திருக்கிறது. பெண் பிள்ளைமேல் கருப்பன் வரக்கூடாது என்று பெரியவர்கள் விபூதி போட்டு, வேப்பிலையால் அடித்து நிறுத்திவிட்டார்களாம். அதற்குப் பிறகு அவர் களரிப் பக்கமே போனதில்லை. இதை அவர்தான் எனக்கு ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். யார்மேலும் கோபமில்லாமல் சொன்னார்.

அடுத்தது உப்பளம். அங்கேதான் சிக்கல் வந்தது. கருப்பன் உப்புப் பாத்தியின் வரப்பில் நின்று ஊர்த் திசையைப் பார்க்கிற இடத்தில் நீளமான ஒரு வரி. ஒரே மூச்சில் பாட வேண்டும். பாதி வரியில் மிளகாய் நெடி அவர் தொண்டையைப் பிடித்துவிடும். நாங்கள் உச்சி நேரத்தில்தான் பதிவு செய்வோம், அப்போதுதான் ஊர் அடங்கியிருக்கும். தினமும் உச்சியில் அந்த வரியைத் தொடங்குவார். இருமுவார். "இன்னொருக்கா." அது சரியாக வந்தால் வெளியே மயில் அகவும். "இன்னொருக்கா." மயிலும் அகவாவிட்டால், அவருக்கே ஏதோ திருப்தி வராது. வாரக்கணக்கில் அந்த வரியைத் தாண்டவில்லை.

ஒரு நாள் அக்கா அறை வாசலுக்கு வந்து, "ஏலே, எத்தன நாளைக்குடா அவன அந்த வெக்கையிலேயே நிப்பாட்டி வச்சிருப்ப? கால் காந்தாதா?" என்றார்.

அவர் சிரித்தார். "கருப்பனுக்குச் செருப்பு இருக்குக்கா. ஆணிச் செருப்பு."

அக்கா சிரிக்கவில்லை.

மறுநாள் அவரைத் தனியாகப் பாட விட்டுவிட்டு, ஒரு கல்யாண வீட்டுக் குழாய்களை ஏற்றிக்கொண்டு உப்பளச் சாலையில் வந்துகொண்டிருந்தேன். உச்சி வெயில். உப்பின் வெள்ளையில் கண் கூசியது. நடுப்பாத்தியின் வரப்பில் யாரோ நிற்பது தெரிந்தது. அக்கா. செருப்பில்லை. கையில் ஒரு செம்பு. எதிரே ஒருவர் வாங்கிக்கொள்வதற்காக நீட்டிக்கொண்டிருப்பது போல் அந்தச் செம்பை நீட்டிக்கொண்டிருந்தார். எதிரே யாருமில்லை.

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போனேன். "அக்கா, வாங்க, வண்டியில ஏறுங்க."

"இரு. குடிச்சு முடிக்கட்டும்."

நான் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து செம்பைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "ம், போவோம்" என்றார். செம்பு காலியாக இருந்தது. வழியில் கொட்டியிருக்கலாம்.

தம்பியிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. அன்று சாயங்காலம் வெந்நீர் வைத்து அக்காவின் கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக் கழுவினார். உள்ளங்காலெல்லாம் உப்பு கீறி, வெந்து போயிருந்தது. மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போட்டார். "வேணாம்க்கா, நான் இத நிப்பாட்டிர்றேன்" என்றார்.

"நிப்பாட்டாத. கூப்பிட்டது கூப்பிட்டாச்சு. நடுவழியில விட்டா அவன் எங்க போவான்? வெரசாப் பாடி முடிச்சு அனுப்பு."

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"நீ முடி. நான் வாரேன்."

வெரசாக முடிக்கத்தான் அவருக்குத் தெரியாதே. அந்த உப்பள வரியை ஒருவழியாகத் தாண்டினார். கண்மாய்க்கரைக்காக ஈரக் களிமண்ணில் பனங்கொட்டைகளைத் தட்டி, குதிரை நடக்கிற சத்தம் எடுத்தார். அதையும் எத்தனையோ தடவை எடுத்தார். அந்த நாட்களில் அக்கா கண்மாய்க்கரைக்குச் செம்பெடுத்துப் போனார். பிறகு ஊர் எல்லை. அக்கா எல்லைக் கல்லில் போய் உட்கார்ந்திருந்தார். காலில் துணி சுற்றியிருந்தது. அவரைக் கேலி செய்த ஒருத்தியிடம், "எங்க வீட்டுக்கு ஆள் வாரான், எதிர்கொண்டு கூப்பிட வந்திருக்கேன், உனக்கென்னடி?" என்று சொன்னாராம்.

தம்பி தினமும் சாயங்காலம் கால் கழுவிவிட்டார். கெஞ்சினார், திட்டினார், ஒரு நாள் வாசல் கதவைப் பூட்டிக்கூடப் பார்த்தார். உச்சி நேரம் வந்ததும் மிளகாய் அறைக்குப் போய்விடுவார். அவர் அக்காவை மறந்துவிட்டுப் பாடினார் என்று ஊரில் சொல்கிறவர்கள் உண்டு. அப்படியில்லை. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றுதான் பாடினார். முடிக்கிற இடத்துக்கு வந்ததும் அவருக்குள் ஏதோ ஒன்று அந்தச் சொல்லைச் சொல்ல வைத்துவிடும். சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே அடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் வாசல் பகுதி வந்தது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பாட்டின் நடுவில் வெளியே ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஓடிவந்தோம். அக்கா நடையில் கிடந்தார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. காலிலிருந்த துணியை அவிழ்த்தால் வாடை அடித்தது. பாதம் கறுத்திருந்தது.

"வண்டிய எடுப்பா" என்றார் அவர். குழாய்களை இறக்கிவிட்டு, லோடு வண்டியின் பின்னால் மிளகாய்ச் சாக்குகளை விரித்தேன். இருவருமாக அக்காவைத் தூக்கி நிறுத்தினோம். வாசற்படிக்கு வந்ததும் அக்கா இரண்டு கைகளாலும் நிலையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை காய்ச்சலில் எங்கிருந்து அந்தப் பலம் வந்ததென்று தெரியாது. எங்களால் விரலைப் பிரிக்க முடியவில்லை.

"படியில நிக்கிறான். அவன இடிச்சுக்கிட்டா போகச் சொல்ற?"

"அக்கா, யாரும் இல்லக்கா. பாரு."

"நீ கூப்பிட்டவன்தான. இப்ப இல்லங்கிற. ஒண்ணு உள்ள வரச் சொல்லு. இல்ல, போகச் சொல்லு. ரெண்டுல ஒண்ணு சொல்லுடா."

அவர் என்னைப் பார்த்தார். உள்ளே ஓடி உடுக்கையை எடுத்துவந்தார். கயிறு தளர்ந்திருந்தது. அதை இறுக்கக்கூட நேரமில்லை. அனுப்புகிற பாட்டு அவருக்குத் தெரியாது. கட்டவுமில்லை. கூப்பிட்ட பாட்டையே தலைகீழாக, வாசலிலிருந்து பின்னோக்கிப் பாடத் தொடங்கினார். வந்தவனே, படி இறங்கு, தெருவில் இறங்கு, பெட்டி இங்கேயே இருக்கட்டும், நீ மட்டும் போ என்று வாயில் வந்ததையெல்லாம் பாடினார். சுருதி இல்லை. குரல் உடைந்து உடைந்து வந்தது. நான் அவரோடு பழகின காலத்தில், ஒரு பிசிறைக்கூடத் திருத்தாமல் அவர் பாடியது அந்த ஒரு தடவைதான்.

அக்காவின் விரல்கள் தளர்ந்தன. "எறங்குறான்" என்றார். தூக்கி வண்டியில் படுக்க வைத்தோம்.

"நிப்பாட்டாத. முன்னால போய்க்கிட்டிருக்கான். தம்பி, வண்டிய மெதுவா ஓட்டு. அவன் நடக்குறான்ல" என்றார் என்னிடம்.

ஓட்டினேன். பின்னால் உடுக்கைச் சத்தம். எல்லைக் கல்லைத் தாண்டினோம், கண்மாய்க்கரையில் ஏறினோம். கண்ணாடியில் பார்த்தேன். அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய அவர் பாடிக்கொண்டிருந்தார். எதிரே மாட்டோடு வந்தவர்கள் ஒன்றும் கேட்காமல் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். முன்னால் ரோடு வெறிச்சென்று இருந்தது. ஆனாலும் நான் யார்மீதும் மோதிவிடக்கூடாது என்பது போலத்தான் ஓட்டினேன்.

உப்பளத்தருகே அந்த ரோடு பெரிய ரோட்டில் சேரும். வலது பக்கம் கடல். இடது பக்கம் ராமநாதபுரம். பாட்டு வலது பக்கம் போக வேண்டும், வண்டி இடது பக்கம் போக வேண்டும். நான் அங்கே ஒரு நொடி வண்டியை நிறுத்தினேன். அப்போது பின்னால் உடுக்கை நின்றது.

"அக்கா! அக்கா!" அக்காவுக்கு நினைவு போயிருந்தது. "மிதிப்பா! மிதி!" என்று கத்தினார்.

இடது பக்கம் திருப்பி மிதித்தேன்.

ஆஸ்பத்திரியில் காலை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். சர்க்கரை மிக அதிகமாக இருந்தது, விஷம் உடம்பில் ஏறிவிட்டது என்றார்கள். நடுவில் ஒருமுறை அக்கா கண் விழித்தார். அப்போது நானும் கட்டில் பக்கத்தில் இருந்தேன்.

"கொண்டுபோய் விட்டுட்டியாடா?"

"விட்டுட்டேன்க்கா. கடல்லயே கொண்டுபோய் விட்டுட்டேன்."

அக்கா எங்கள் இருவருக்கும் பின்னால், கதவுப் பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் பேசவில்லை. இரண்டு நாளில் இறந்துவிட்டார்.

துக்க வீட்டில் சாமி பாட்டு எடுக்கக்கூடாது. கருமாதி முடிந்தபிறகு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். மிளகாய் அறை கூட்டிப் பெருக்கியிருந்தது. மைக்கை அவரே கட்டி வைத்திருந்தார். தாடியும் கலங்கிய கண்ணுமாக இருந்தார். "பாதியில விட்டுட்டோம்ல. முடிச்சிருவோம்ப்பா. ஒரே தடவைதான்" என்றார். உடுக்கையின் கயிற்றை இறுக்கியிருந்தார். நான் பொத்தானை அமுக்கினேன்.

உடுக்கையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அடிக்கவில்லை. கம்ப்யூட்டரில் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. நான் கண்ணாலேயே என்னவென்று கேட்டேன்.

"உப்பளத்துல விட்டோம்" என்றார். "அங்கனயேதான் நிக்கிறானா? இல்ல, நம்ம வண்டி பின்னாலயே ஆஸ்பத்திரிக்கு வந்துட்டானா? அக்கா கதவப் பாத்துச்சே, நீயும் பாத்தேல்ல. வந்தவன் திரும்பி வீட்டுக்கு வந்துட்டானா? எங்க நிக்கிறான்னு தெரியாம, நான் எங்கருந்துப்பா ஆரம்பிக்கிறது? அதச் சொல்ல ஒரே ஒரு ஆள்தான இருந்துச்சு."

பதிவாகிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன். அவர் உடுக்கையை இறக்கவில்லை.